பெற்றோரைப் பாடசாலைக்கு அழைப்பதா, பாடசாலை அவர்களிடம் போவதா?

பாடசாலையிலிருந்து ஒரு துண்டு வீட்டுக்குப் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, காசு கேட்கிறார்கள். இல்லாவிட்டால் பிள்ளை ஏதோ பிழை விட்டுவிட்டது. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பாடமும் எடுத்து, வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பையும் பார்க்கும் ஆசிரியை. "பிள்ளையின் மனநிலை பற்றிப் பேச வாருங்கள்" என்று நான் எழுதி அனுப்பிய முதல் துண்டுக்கு ஒரு தாய் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற முன்பே கேட்டார்: "அவன் என்ன செய்து போட்டான் ரீச்சர்?"

அவன் ஒன்றும் செய்யவில்லை. மூன்று கிழமையாக வகுப்பில் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல், மகனுக்கு இரண்டு அடியும் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பிள்ளைக்கு உதவ நான் அனுப்பிய துண்டு பிள்ளைக்கு அடியாகப் போய்ச் சேர்ந்தது. அதை இன்றுவரை மறக்கவில்லை.

இந்த வருடம் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாணவர் உளநல வேலைக்கென்று சிறு தொகை ஒன்றை ஒதுக்கியது. பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு. பெற்றோரை இந்த வேலைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடமும் இரண்டு பெற்றோரிடமும் விட்டார்கள். முன்னால் ஐந்து வழிகள் இருந்தன: மண்டபத்தில் பெரிய கூட்டம், வட்ஸ்அப் குழு, தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் தனிச் சந்திப்பு, வீட்டுத் தரிசிப்பு, ஊருக்குள் சிறு வட்டம். ஐந்தும் நாங்களோ அயல் பாடசாலைகளோ ஏதோ ஒரு காலத்தில் செய்து பார்த்தவைதான். இதே கேள்வியோடு இருக்கும் இன்னொரு அதிபருக்கோ சங்கச் செயலாளருக்கோ உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசும் நேரமும் முதலில் ஊர் வட்டத்துக்குப் போகவேண்டும். மற்ற நான்கும் அதற்குத் துணையாக, அளவோடு.

பிள்ளைகளோடு மட்டும் வேலை செய்தால் போதாதா?

சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. பெற்றோருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் நல்லதுதானே?

வடக்கிலேயே அப்படி ஒரு முயற்சி நடந்து, அதன் முடிவுகள் 2012இல் வெளியாயின. பாடசாலைப் பிள்ளைகள் 399 பேர். பாதிப் பேருக்கு 5 கிழமைக்குள் 15 அமர்வுகள். மற்றப் பாதிப் பேரைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்டார்கள். குழப்படி, முரட்டு நடத்தை போன்றவை குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்கும் வயதில் சிறியவர்களுக்கும் சில நன்மைகள் கிடைத்தன. ஆனால் மனவடு அறிகுறிகள், சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பெண் பிள்ளைகளில், அமர்வுக்குப் போனவர்களைவிடக் காத்திருந்தவர்களுக்கே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. போரின் நெருக்கடி அன்றாடம் தொடர்ந்த பிள்ளைகளுக்கு அமர்வுகளால் கிடைத்த பயனும் குறைவு. பிள்ளை திரும்பிப் போகும் இடம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்காமல் வகுப்பறைக்குள் மட்டும் வேலை செய்வதில் ஆபத்தும் உண்டு என்றுதான் நான் அதை வாசித்தேன்.

2008இல் வந்த இன்னோர் ஆய்வு வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் கேட்டது. தந்தையின் குடியும், முன்பு பட்ட போர் அனுபவமும், பிள்ளை வீட்டில் படும் அடி உதையோடு சேர்ந்தே வந்தன. போர் வெளியில் முடிந்தாலும் வீட்டுக்குள் வேறு உருவத்தில் தொடரலாம் என்பது எங்களுக்குப் புதிய செய்தி இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் அதைப் பார்க்கிறோம்.

இன்று தரம் 9, 10இல் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போரைக் கண்டவர்கள் அவர்களுடைய பெற்றோர். இன்று 35 வயதான தாய்க்கு அப்போது 18, 19 வயது இருக்கும். பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து, மரத்தடியில் நடந்து, கடைசியில் நின்றே போன காலம் அது. நானும் அந்த வயதுக்காரிதான். உயர்தரப் பரீட்சையை இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் இருந்தே எழுதினேன். என்னோடு இருந்த பலர் எழுதவே இல்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அதற்குள் சிலர் கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்று, காணியைத் துப்புரவாக்கி, கூரைத் தகரத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகள்தான் எங்கள் வாங்குகளில் இருக்கிறார்கள்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது 'கூட்டு மனவடு' என்றார். காயம் ஆளுக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் ஒருவரை ஒருவர் நம்புவதிலும் இருக்கிறது என்பது அதன் சாரம். இதை ஏற்றுக்கொண்டால், பெற்றோரை எந்த இடத்தில், எந்த முகத்தோடு சந்திக்கிறோம் என்பது சின்ன ஒழுங்கு விடயமாக இருக்காது. படிப்பைப் பாதியில் விட்ட ஒருவருக்குப் பாடசாலை மண்டபம் கூச்சம் தரும் இடம். எத்தனையோ தடவை வரிசையில் நின்று பெயர் பதிந்த ஒருவருக்குக் கையெழுத்துத் தாள் பயம் தரும் பொருள். கூட்டத்துக்கு வராத பெற்றோரை அக்கறை இல்லாதவர்கள் என்று ஆசிரியர் அறையில் பேசுவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன், முன்பு நானும் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

பெரிய கூட்டம்

பெரும்பாலான பாடசாலைகள் முதலில் நினைப்பது இதைத்தான். மண்டபம், ஒலிபெருக்கி, மங்கள விளக்கு, வெளியிலிருந்து ஒரு வளவாளர். ஒரே நாளில் முடிந்துவிடும், வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கையும் படமும் அனுப்பலாம்.

நாங்கள் வைத்த கூட்டம் ஒன்று தை மாதக் கடைசியில் வந்தது. காலபோக வெட்டு நடக்கும் நேரம். வெட்டுக்கு இயந்திரம் இன்று வரும் நாளை வரும் என்று வரம்பில் காத்திருக்கும் ஆளை மண்டபத்துக்குக் கூப்பிட்டால் எப்படி வருவார்? வந்தவர்கள் பெரும்பாலும் முன் வரிசைப் பிள்ளைகளின் தாய்மார். வளவாளர் நல்லவர், விடயம் தெரிந்தவர். கட்டிளமைப் பருவம், ஹோர்மோன், மன அழுத்தம் என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினார். கடைசியில் "ஏதும் கேள்வி இருக்கிறதா?" என்றார். ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் கலைந்த பிறகு, கேற்றடியில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு தந்தை நின்றார். "ரீச்சர், மகள் இரவில எழும்பி இருந்து அழுகிறாள். கேட்டால் ஒண்டும் இல்லை எண்டுறாள். இது அந்தச் சேர் சொன்னதுக்குள்ள வருமோ?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவ்வளவு கதிரையும் போட்டிருந்தோம். அந்தக் கேள்வி மண்டபத்துக்குள் வரவில்லை. இருநூறு பேர் முன்னால் தன் மகளைப் பற்றி எந்தத் தகப்பன் கேட்பார்? அதுவும் 'விசர்' என்ற ஒரு சொல் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் ஊரில், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசவேண்டிய நிலையில்?

இருந்தாலும் பெரிய கூட்டத்தை முற்றாகக் கைவிடச் சொல்லமாட்டேன். வருடத்தில் ஒரு தடவை, அரை மணித்தியாலம் போதும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலிருந்து ஒருவர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் மேடைக்கு வந்து முகத்தைக் காட்டி, தாங்கள் எங்கே இருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். பிறகு தேவைப்படும் நாளில் தெரிந்த முகத்தைத் தேடிப் போவது சுலபம். அதற்கு மேல் அந்தக் கூட்டத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

வட்ஸ்அப்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அதுவும் பிள்ளையின் கையில்தான் இருக்கும். தாய்க்கு நான் அனுப்பும் செய்தியை முதலில் வாசிப்பவர் மகன். அதனால் எந்தப் பிள்ளையைப் பற்றியும் அதில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது. இந்த விதியை முதல் நாளே சொல்லாமல் விட்டதால், எங்கள் குழு ஒன்றில் ஒருவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதி, அதைச் சமாளிக்க ஒரு மாதம் போனது.

ஆனால் ஓரிடத்தில் இதற்கு ஈடு இல்லை. தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு. அந்தத் தாயை வேறு எந்த வழியாலும் எங்களால் எட்ட முடியாது. ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பினால், அவர் வேலை முடிந்து நள்ளிரவில் கேட்டுவிட்டுப் பதில் குரல் அனுப்புவார். வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்கும் எழுத்தைவிடக் குரல் நல்லது. இதற்காக மட்டும் இந்த வழியை வைத்திருக்கிறோம்.

தேர்ச்சி அறிக்கை நாள்

ஒவ்வொரு தவணையும் கையெழுத்து வைக்க யாரோ ஒருவர் வந்தே ஆகவேண்டும். செலவே இல்லாத சந்தர்ப்பம். கெடுதல் என்னவென்றால், அன்று புள்ளியைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது. தரம் 5 புலமைப்பரிசில் வருடத்திலும் சாதாரண தர வருடத்திலும் நிலைமை இன்னும் மோசம். கணிதத்தில் 32 என்று கண்ட தாயிடம், "பிள்ளை சோர்ந்து இருக்கிறது" என்றால், "ஓம், படிக்கிறதுக்குச் சோம்பல்தான்" என்று பதில் வரும்.

நாங்கள் செய்த ஒரு சின்ன மாற்றம் பலன் தந்தது. வகுப்பாசிரியர் அறிக்கையை நீட்ட முதல், புள்ளியோடு சம்பந்தம் இல்லாத ஒரு நல்ல விடயத்தைச் சொல்லவேண்டும். "உங்கள் மகன் தண்ணிப் போத்தல் கொண்டுவராத பிள்ளைக்குத் தன்ரை போத்தலைக் குடுக்கிறவன்" என்பது போல. பொய் சொல்லக் கூடாது, ஆகவே ஆசிரியர் தவணை முழுக்கப் பிள்ளையைக் கவனித்திருக்கவேண்டும். அதுவே பெரிய மாற்றம். இரண்டாவது, அன்று யார் வரவில்லை, யாருக்குப் பதில் பெரியப்பாவோ அக்காவோ வந்தார் என்று வகுப்பாசிரியர் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பிலிருந்துதான் எங்கள் வீட்டுத் தரிசிப்பு தொடங்குகிறது.

வீட்டுத் தரிசிப்பு

ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்ள இதைப் போல வழி இல்லை. பாடசாலையில் ஆறு மாதம் கேட்டும் தெரியாதது, அந்த வீட்டின் திண்ணையில் பத்து நிமிடம் இருந்தால் தெரிந்துவிடும். பிள்ளை எங்கே படுக்கிறது, வெளிச்சம் இருக்கிறதா, யார் இருமுகிறார்கள், நுண்கடன் காசு வாங்க வருபவரின் சத்தம் படலையடியில் கேட்டால் எல்லோரும் எப்படி ஒடுங்குகிறார்கள். ஒரு பையன் ஏன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவதில்லை என்று நான் ஒரு தவணை முழுக்க யோசித்தேன். அவனுடைய அப்பம்மாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் கிளினிக், கூட்டிக்கொண்டுபோக வேறு ஆள் இல்லை. வீட்டுக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

ஆனால் இதில் ஒரு தடவை நான் பெரிய பிழை விட்டேன். தரம் 10 மாணவி ஒருத்தி, அமைதியான பிள்ளை, என்னிடம் வந்து சில விடயங்கள் சொன்னாள். அக்கறையில், அவளிடம் கேட்காமலே அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். பாடசாலைச் சேலையோடு, மோட்டார் சைக்கிளில். நான் படலையைத் திறக்க முன்பே பக்கத்து வீட்டு வேலியில் இரண்டு முகம். தாயோடு பதமாகத்தான் பேசினேன். ஆனால் ரீச்சர் வீட்டுக்கு வந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து நாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. வந்த பிறகும் என்னிடம் வரவில்லை. அவள் பாடசாலையை விட்டுப் போகும் வரைக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். பிள்ளையிடம் முதலில் கேட்கிறேன்: அம்மாவோடு பேசலாமா, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு பொருந்தாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, பிரச்சினை உள்ள வீட்டுக்கு மட்டும் போவதில்லை. அந்த ஒழுங்கையில் நாலு வீட்டுக்குப் போனால், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, தனியாகப் போவதில்லை.

இதன் விலை நேரம். ஒரு பின்னேரத்தில் இரண்டு வீடு, கூடினால் மூன்று. காட்டுக்கரைக் கிராமங்களில் ஆறு மணிக்கு முன்பு திரும்பிவிடவேண்டும், யானை இறங்கும் பாதைகள் இருக்கின்றன. பெற்றோலை யார் தருவது என்ற கேள்வியும் உண்டு. முந்நூறு பிள்ளைகளின் வீட்டுக்கு இப்படிப் போக முடியாது. வட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும், வட்டத்தில் பேச முடியாத விடயங்களுக்கும் இதை ஒதுக்கிவைப்பதுதான் சரி.

ஊர் வட்டம்

ஒரே ஊர், ஒரே தரம், எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். முன்பள்ளிக் கட்டடம், சனசமூக நிலையம், கோவில் மடம், தேவாலய முன்றல், ஒன்றும் இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் மாமர நிழல். பாய், பிளேன்ரீ, ஒன்றரை மணித்தியாலம். நானும், அந்த ஊரைச் சேர்ந்த ஒரு பெற்றோரும் நடத்துவோம். கையெழுத்துத் தாள் இல்லை, படம் எடுப்பதில்லை. இவை இரண்டையும் அதிபரிடம் பேசி முதலிலேயே அனுமதி வாங்கினோம். அறிக்கைக்கு எண்ணிக்கை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.

தொடக்கத்தில் நான் அறிவுரை ஏதும் சொல்வதில்லை. ஒரு கேள்விதான்: "இந்தக் கிழமை உங்கள் பிள்ளை எதுக்குச் சிரிச்சது?" முதல் தடவை கேட்டபோது நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. ஒரு தாய், "நான் கவனிக்கேல்ல ரீச்சர்" என்றார். குற்ற உணர்வோடு சொன்னார். பிறகு இன்னொருவர், "எங்கட வீட்டில ஆட்டுக்குட்டி துள்ளினதுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வட்டத்துக்கு அந்த முதல் தாய் பதிலோடு வந்தார்.

சொற்களும் இங்கேதான் மாறின. 'உளநலம்', 'மன அழுத்தம்' என்று நான் பேசியவரைக்கும் அது ரீச்சரின் பாடமாக இருந்தது. "பிள்ளை யோசிக்குதோ?" என்று கேட்டவுடன் எல்லோருக்கும் விளங்கியது. யோசனை கூடினால் தலையிடி, நெஞ்சுக்குள் பாரம், பெருமூச்சு, சாப்பாடு இறங்காது. எங்கள் ஆட்கள் மனக் கஷ்டத்தை உடம்பால்தான் சொல்வார்கள். அடிக்கடி வயிற்றுவலி என்று வகுப்பில் குனிந்து படுக்கும் பிள்ளையைப் பற்றி இப்போது தாய்மாரே, "அது வயிறு இல்லை ரீச்சர், யோசனை" என்கிறார்கள். கோவிலில் நூல் கட்டுவதையோ திருநீறு போடுவதையோ நான் தடுப்பதில்லை. அதையும் செய்யுங்கள், மூன்று கிழமையில் மாறாவிட்டால் கிளினிக்குக்கும் போவோம் என்பேன். யாரும் இதுவரை மறுத்ததில்லை.

வைகாசியில் நடந்த ஒரு வட்டத்தைச் சொல்லவேண்டும். பிள்ளைகள் கூடுதலாகப் போன் பார்ப்பதைப் பற்றிப் பேசத் திட்டமிட்டிருந்தேன். போரின் கடைசியில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18க்கு நான்கைந்து நாள் முன்பு. ஒரு சந்தியில் அந்த நினைவுக்கான கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் அங்கிருந்துதான் வந்தார்கள். பேச்சு போனில் தொடங்கியது. ஒரு தாய், "என்ரை மகன் இந்த மாசம் வீட்டில நிக்கிறதே இல்லை. எப்பவும் சிநேகிதன் வீடுதான்" என்றார். ஏன் என்று யாரோ கேட்டார்கள். "நான் அழுறது அவனுக்குப் பிடிக்கேல்ல போல." அந்தத் தாய் 2009இல் தன் தம்பியை இழந்தவர். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். நான் கொண்டுபோன தாளை மடித்து வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு விடயம் தெளிவாக வந்தது. அங்கே இருந்த பலர் தங்கள் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னதே இல்லை. "சின்னப் பிள்ளையள், ஏன் சொல்லிக் கெடுப்பான்" என்று மறைத்திருந்தார்கள். பிள்ளைகளோ வருடாவருடம் வைகாசியில் அம்மா ஏன் இப்படி ஆகிறார் என்று தெரியாமல், தாங்கள்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கலாம். ஒரு தாய் சொன்ன வழியை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்: அந்த நாளுக்கு முதல் நாளே பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளைக்கு அம்மா அழுவன். அது உன்னால இல்லை. மாமாவை நினைச்சு அழுவன். பிறகு எழும்பிச் சமைப்பன்" என்று சொல்வது. எந்த வளவாளரும் எனக்குக் கற்றுத்தராத வழி அது. போர் முடிந்த முதல் வருடங்களில் உளசமூக வேலைகளுக்கு இங்கே அனுமதி கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அப்போது சேர்ந்திருந்து அழவேண்டிய எத்தனையோ பேர் தனித்தனியாக அழுதார்கள். அந்த மாமர நிழலில் இருந்தபோது எனக்கு அதுதான் மனதில் ஓடியது.

வட்டத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காணிப் பிணக்கு இருக்கும், சாதி இருக்கும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரிகள் ஒரே பாயில் இருக்கவேண்டி வரும். கேட்டது வெளியே போகக் கூடாது என்று சொன்னாலும் போகும். அதனால் வட்டத்தில் தன் வீட்டுக் கதையை மட்டும், அதுவும் நாளைக்கு ஊருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு மட்டும் சொல்லுங்கள் என்கிறோம். குடி, வன்முறை, துஷ்பிரயோகம் போன்றவை அங்கே பேசுகிற விடயம் இல்லை. அவற்றுக்குத் தனி இடம் வேண்டும். நடத்துகிற ஆசிரியருக்கும் பாரம் ஏறும். அந்த வைகாசி வட்டத்துக்குப் பிறகு நான் இரண்டு நாள் நித்திரை கொள்ளவில்லை. மாதம் ஒரு தடவையாவது உளநலப் பிரிவிலிருக்கும் ஒருவரோடு பேச ஒழுங்கு இல்லாவிட்டால் எந்த ஆசிரியரும் இதைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது அப்பாமார். வட்டத்துக்கு வருவோரில் பெரும்பாலானோர் தாய்மாரும் அம்மம்மாமாரும். தந்தைமார் வந்தால் ஓரமாக நிற்பார்கள், தேநீர் முடிந்ததும் போய்விடுவார்கள். இதற்கு எங்கள் குழுவில் இருந்த ஒரு தந்தையே வழி சொன்னார். அவர்கள் ஏற்கெனவே கூடுகிற இடம் கமக்கார அமைப்பின் கூட்டம். கரையோரத்தில் என்றால் கடற்றொழிலாளர் சங்கம். அங்கே கடைசி இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினோம். உரமானியமும் வாய்க்கால் தண்ணீரும் பேசி முடிந்த பிறகு, "பிள்ளை ஐஸ் பாவிக்குதோ எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்ற கேள்வி தானாக வந்தது. ஐஸ் என்ற போதைப்பொருளைப் பற்றிய பயத்தோடு வந்த கேள்வி. அங்கிருந்து பிள்ளையோடு பேசுவது பற்றிப் போக முடிந்தது. இரண்டு தடவைதான் செய்திருக்கிறோம், ஆனால் விடமாட்டோம்.

எங்களுடைய முடிவும், உங்களுக்குப் பொருந்தாமல் போகக்கூடிய இடங்களும்

பெரிய கூட்டம் ஒன்றுக்கு ஒலிபெருக்கி, கதிரை, சிற்றுண்டி, வளவாளரின் பயணம் என்று போகும் காசில் ஒரு தவணைக்குரிய எல்லா ஊர் வட்டங்களையும் நடத்தலாம் என்று கணக்குப் பார்த்தோம். சங்கத்தில் இந்தக் கணக்குத்தான் கடைசியில் எல்லோரையும் சம்மதிக்க வைத்தது. முதல் தவணையில் வெட்டு முடியும் வரை எதுவும் வைப்பதில்லை. சிறுபோகத் தண்ணீர் இல்லாத மானாவாரிக் கிராமங்களில் இரண்டாம் தவணை வசதி, ஆனால் ஆட்கள் கூலிக்குப் போகும் நாளைக் கேட்டு வைக்கவேண்டும். போயா எனும் முழுநிலா நாள் விடுமுறைப் பின்னேரம் பலருக்குச் சரிவருகிறது. தரம் 8இல் தொடங்குகிறோம். உளநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும் பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண தர வருடம் வரைக்கும் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

கிளிநொச்சி நகரத்துப் பெரிய பாடசாலைக்கு இது அப்படியே பொருந்தாது. பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், தாய்மார் பலர் ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் போய் இருட்டில் வருகிறவர்கள். அங்கே வகுப்பு வாரியாக, ஞாயிறு காலை, பாடசாலையிலேயே ஒரு வகுப்பறையில் வட்டம் போடலாம். மேசையை ஒதுக்கிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போடவேண்டும், ஆசிரியரும் அதே கதிரையில். மன்னார்ப் பக்கத்தில் பங்குத் தந்தையின் உதவி கிடைத்தால் ஆராதனை முடிந்த நேரமே போதும். ஆலோசனைக்கென்று ஆசிரியரே இல்லாத சின்னப் பாடசாலை என்றால் தேர்ச்சி அறிக்கை நாளில் தொடங்குங்கள். அதற்கு யாரும் எதுவும் தரவேண்டியதில்லை.

எந்த வழியைத் தெரிந்தாலும் ஒரு விடயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், தன்னைத் தானே காயப்படுத்தினால், அன்றே நடவடிக்கை எடுக்கவேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன, எங்கள் பக்கத்துக்கு மல்லாவி ஆதார வைத்தியசாலை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்கும். பிள்ளைக்கு யாராலாவது தீங்கு நடக்கிறது என்றால் 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் தேர்ச்சி அறிக்கையின் பின்பக்கத்தில் ஒட்டுகிறோம்.

துண்டையும் மாற்றி எழுதினோம். இரண்டு தாய்மாரும் நானும் இருந்து, ஐந்து தடவை வெட்டித் திருத்தி. இப்போது வீட்டுக்குப் போவது இதுதான்:

"தரம் 8 பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் யாரும் பிழை செய்யவில்லை. காசும் தேவையில்லை. வருகிற போயா அன்று பின்னேரம் 3.30க்கு முன்பள்ளியடியில் இருந்து, பிள்ளைகளைப் பற்றி ஆளுக்காள் கதைப்போம். அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மா, பிள்ளையைப் பார்க்கிற எவரும் வரலாம். கைக்குழந்தையையும் கொண்டுவாருங்கள். பதிவு இல்லை, கையெழுத்து இல்லை. 5 மணிக்கு முடித்துவிடுவோம். வர முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி விடுங்கள், வசதியான நாளைக் கேட்டு நாங்கள் வருகிறோம்."